இடப்பக்கம் திரும்பச் சொன்ன தாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். மீன்காரரிடம் கோபப்படுவேன், பஸ் கண்டக்டரிடம் கோபப்படுவேன், சாயங்காலத்துக்குள் எல்லாம் தணிந்துவிடும். ஒரே ஒரு கோபம் மட்டும் இத்தனை வருடமாகியும் அடங்கவில்லை. அது ஒரு தாளால் வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தாள், பதினோரு வரி, நானே டைப் அடித்தது.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தேன். விமானக் கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டே விமானங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு இருக்கை. சுரங்கப் பொறியாளர்கள், நில அளவைக்காரர்கள், தோட்டத்து மேனேஜர்கள், அவசரத்துக்கு ஒரு நோயாளி என்று மலைக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஓடுதளங்களுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார்கள். விமானம் நிறுத்தும் கொட்டகையை ஒட்டி இரண்டு அறைதான் ஆபீஸ், தகரக் கூரை. மழை பெய்தால் போனில் பேசுவது காதில் விழாது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாங்கள் இருந்த தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றபோது சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்துவிட்டோம். ஐந்தாம் படிவம் முடித்து டைப்பிங் சான்றிதழ் வாங்கியிருந்தேன். தோட்டத்துப் பெண்ணுக்கு விமான ஆபீஸில் வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையை நினைத்தாலே இப்போது எரிச்சல் வருகிறது.

அந்தத் தாள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலைக்கு நடுவே இருக்கும் ஓடுதளத்தில் வானம் தெளிவாக இருந்தால் தொல்லை இல்லை. விமானி கண்ணால் பார்த்து ஏறிக்கொள்வார். மேகம் இறங்கிவிட்டால் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளைதான். அப்போது அவர் தன் முன்னால் இருக்கும் கருவிகளையும் ஒரு தாளையும்தான் நம்ப வேண்டும். எத்தனை அடிவரை நேராக ஏற வேண்டும், எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு ஏறியபின் ஊருக்குத் திரும்பலாம் என்று அந்தத் தாள் சொல்லும். நாங்கள் அதைப் புறப்பாட்டுத் தாள் என்போம், பேச்சில் வெறுமனே ஷீட். ஒவ்வொரு ஓடுதளத்துக்கும் ஒன்று. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, விமானத்துக்கு ஒரு கோப்பாக உள்ளேயே இருக்கும்.

மலையில் ஏதாவது மாறினால் தாளும் மாற வேண்டும். புதிதாக ஒரு கோபுரம் வந்தாலோ, சமிக்ஞைக் கம்பத்தை இடம் மாற்றினாலோ மேலிடத்திலிருந்து அறிவிப்பு வரும். அதைப் பார்த்து நான் புதுத் தாளை டைப் அடிப்பேன். மூத்த விமானி கையெழுத்துப் போடுவார். பழைய தாளை உருவிவிட்டுப் புதியதை உறைக்குள் செருக வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை செய்துவிடும்.

ஆனால் எங்கள் ஆபீஸில் பெரிய கிராணி என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா காலத்திலேயே ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர்கள். தும்பைப் பூ மாதிரி சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, மேசைமேல் ஒரு பென்சில்கூடக் கோணலாக இருக்காது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

அவருக்கு ஒரு கொள்கை. மூத்த விமானியைச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தொந்தரவு செய்யக்கூடாது. மூத்த விமானி ஒரு வெள்ளைக்காரர். தோட்டத்துப் பழக்கத்தில் நாங்கள் அவரையும் துரை என்றே சொன்னோம். ஒரு தாளுக்காகத் துரையின் கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்பது பெரிய கிராணியின் எண்ணம். பத்துத் தாள் சேர வேண்டும். சேர்ந்தபின் ஒரு நல்ல வேளை பார்த்து, துரை தேநீர் குடித்துச் சிரித்த முகமாக இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவார். அதுவரை புதுத் தாள்கள் அவருடைய பழுப்பு அலமாரியில் தூங்கும். பழைய தாள்கள் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்.

பழையதை உருவிவிடலாமே என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"பிள்ளை, அதிலே துரையின்ர கையெழுத்து இருக்கு. புதுசிலே இன்னும் இல்லை. கையெழுத்து இருக்கிறதை எடுத்துப்போட்டு இல்லாததை வைக்கிறதோ? ஆர் பதில் சொல்றது?" என்றார்.

மலை மாறிவிட்டது, ஆனால் கையெழுத்து இருக்கிறது. ஆகவே மலை காத்திருக்க வேண்டும். இதைக் கேட்டு நான் தலையாட்டினேன்.

இன்னொன்றும் இருந்தது. பதிவேடு. அதில் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு கட்டங்கள். ஒன்று 'வந்தது', மற்றது 'போட்டது'. வந்தது என்றால் அறிவிப்பு வந்து தாள் தயாரானது. போட்டது என்றால் விமானத்துக் கோப்பில் செருகியாயிற்று. இரண்டிலும் என் சுருக்கக் கையெழுத்து வேண்டும். முதல் வாரமே, முதல் கட்டத்தில் மட்டும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"மற்றதிலயும் வையும். வெறுமையா விட்டா சோதனைக்கு வாறவன் அதைத்தான் முதல்ல கேட்பான்" என்றார் பெரிய கிராணி. "எப்பிடியும் போடத்தானே போறம்."

எப்படியும் போடத்தானே போகிறோம். அந்த வார்த்தையில் என்ன தப்பு இருக்கிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டிருந்தார். பக்கம் பக்கமாக, ஒரே மையில், ஒரே சாய்வில், இரண்டு கட்டத்திலும் சேர்த்து. நானும் போட்டேன். நான்கு வருடம் போட்டேன்.

இனி அந்த விமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் மூன்று விமானிகள். துரை ஒருவர், துரைக்கு வேண்டிய இளைய வெள்ளைக்காரர் ஒருவர், மூன்றாவது நம் ஆள். அவரும் தோட்டத்தில் பிறந்தவர். மெக்கானிக்காகத் தொடங்கி, சம்பளத்தை எல்லாம் கொட்டி, நாற்பதை நெருங்கும்போது லைசென்ஸ் வாங்கியவர். குடும்பத்தோடு சிலிபினில்தான் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. மழைநாளில் என்னைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போவார். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

அந்த மனிதரைப் போலத் தாளைப் படித்துப் பறக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. நூறு முறை போன இடமானாலும் கோப்பைத் திறந்து விரல் வைத்து வரிவரியாகப் படிப்பார். இளையவர் அதைப் பார்த்துக் கேலி செய்வார். ஒருநாள் காரில் நானும் கேலி செய்தேன்.

"அவனுங்க கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம் தங்கச்சி. ஒண்ணு தப்பாயிருச்சுன்னா, மனுஷன் அனுபவசாலி, அவனுக்கே இப்படின்னு சொல்லுவானுங்க. நான் ஷீட்ல இல்லாதத ஒண்ணு செஞ்சு தப்பாயிருச்சுன்னா? தோட்டத்துப் பய, இஷ்டத்துக்கு ஓட்டுறான்னுதான்லா சொல்லுவானுங்க. எனக்கு ஷீட்டுதான் சாட்சி."

அப்போது அதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்தது. எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்தேன்.

எங்கள் விமானங்கள் அதிகம் போனது வடக்கே ஒரு ஓடுதளத்துக்கு. பழைய ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, வெள்ளைக்கார மேனேஜர் காலத்தில் மரங்களைச் சாய்த்து மண்ணை இறுக்கிப் போட்டது. மூன்று பக்கமும் மலை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தத் தோட்டத்தில்தான். தோட்டம் கைமாறிப் பாதி எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட பின்னும் அக்கா குடும்பம் பழைய தொழிலாளர் லயத்திலேயே இருந்தது. அந்த இடத்துக்கான தாள் என்ன சொன்னது என்றால்: நேராக ஏறு, தொள்ளாயிரம் அடியில் இடப்பக்கம் திரும்பு, பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டே நாலாயிரம் அடிக்கு ஏறு, பிறகு ஈப்போவைப் பார்த்துப் போ.

அக்காவின் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு வருடம் போயிருந்தேன். ஓடுதளத்துக்கு இடப்பக்கம் இருக்கும் மலை உச்சியில் புதிதாக ஒரு இரும்புக் கோபுரம் நின்றது. தொலைபேசிக்காக வைத்தது என்றார்கள். சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகப் போய், நான்கு பக்கமும் தடித்த கம்பிகளால் இழுத்துக் கட்டியிருந்தது. சாமி ஊர்வலத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈப்போ திரும்பியதும் விமானி அண்ணனிடம் சொன்னேன். அவருக்கும் தெரியும். தெளிவான நாளில் மேலிருந்து பார்த்திருக்கிறார்.

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அந்த டவர் வந்த பெறகு ஷீட் மாத்தி வந்துச்சா, பாத்துச் சொல்லேன்" என்றார்.

பதிவேட்டைத் திறந்தேன். அந்த ஓடுதளத்துக்குப் புதுத் தாள் இரண்டு மாதம் முன்பே தயாராகியிருந்தது. இரண்டு கட்டத்திலும் என் கையெழுத்து. என் கையெழுத்தை நானே பார்த்து நானே நம்பினேன். எழுந்து ஐந்தடி நடந்து அலமாரியைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"வந்துருச்சு அண்ணே. போட்டாச்சு."

"சரி. அப்ப பிரச்சினை இல்ல" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. புதுத் தாளில் நான் டைப் அடித்தது வலப்பக்கம் என்று. அவர் கோப்பில் இருந்தது இடப்பக்கம் என்று. அவர் வாயிலிருந்து 'இடப்பக்கம்' என்ற சொல் வந்திருந்தாலோ, என் வாயிலிருந்து 'வலப்பக்கம்' என்ற சொல் வந்திருந்தாலோ எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். வரவில்லை. கடிதம், பில் என்று நாளுக்கு இருபது அடிப்பவளுக்கு எந்தத் தாளில் எந்தப் பக்கம் என்று எப்படி நினைவிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்ட காலமும் உண்டு. இப்போது அந்தச் சமாதானம் எல்லாம் கிடையாது.

அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. தாள் புதியது என்று கிராணி சொல்கிறாள். தாளில் திருப்பம் மாறவில்லை. அப்படியானால் கோபுரத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து, தொள்ளாயிரம் அடியில் இடப்பக்கம் திரும்பினால் தட்டாது என்று படித்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தாளில் தேதி இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். தேதிக்கென்று கட்டம் இருந்தது. துரை கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வார், தேதி எழுத மாட்டார். அதைக் கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

வருடக் கடைசி மழைக்காலம். காலையில் நில அளவைக்காரர்கள் இரண்டு பேரை ஏற்றிவர அண்ணன் அந்த ஓடுதளத்துக்குப் போனார். போகும்போது வெளிச்சம் இருந்தது. அவர்கள் ஏறி உட்காரும் நேரத்தில் மேகம் மலையடிவாரம் வரை இறங்கிவிட்டது. காத்திருந்திருக்கலாம். ஆனால் மேகத்தில் புறப்படத்தானே தாள் இருக்கிறது? கோப்பைத் திறந்து விரல் வைத்துப் படித்திருக்கிறார். நேராக ஏறினார். தொள்ளாயிரம் அடியில் இடப்பக்கம் திரும்பினார்.

இறக்கை கோபுரத்தின் இழுகம்பியில் பட்டது. லயத்தில் இருந்த அக்காவுக்குச் சத்தம் கேட்டதாம். வானத்தில் யாரோ தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது என்றாள். இறக்கையின் முனை ஒரு முழத்துக்குப் பிய்ந்து போயிற்று. விமானம் பக்கவாட்டில் சாய்ந்ததில் பயணி ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அண்ணனுக்கு நெற்றி பிளந்தது. அந்த ரத்தத்தோடு, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள், கோணிக்கொண்டு நின்ற விமானத்தை நிமிர்த்தி மேலே ஏற்றி ஈப்போவில் கொண்டுவந்து இறக்கினார். மூன்று உயிரையும் கொண்டுவந்து சேர்த்தார். இதற்கு யாரும் அவரைப் பாராட்டவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. இளைய விமானி அந்த இறக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இடப்பக்கமா திரும்பினான்? பைத்தியமா? கோபுரம் வந்த நாளிலிருந்து நாங்கள் யாரும் இடப்பக்கம் போவதே இல்லையே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். துரைக்குத் தெரியும். இவருக்குத் தெரியும். சாயங்காலம் கிளப்பில் உட்கார்ந்து பீர் குடிக்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிளப்புக்குப் போகாத மூன்றாவது ஆளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

உள்ளே ஓடினேன். அலமாரியைத் திறந்தேன். மேலிருந்து நான்காவது தாள். வலப்பக்கம் திரும்பு. கையெழுத்து இல்லை. பத்து சேரவில்லை, ஏழுதான் சேர்ந்திருந்தது.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய கிராணி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"தாரும் பிள்ளை. நான் பாக்கிறன்."

கொடுத்துவிட்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரும் என் கையை முறுக்கிப் பிடுங்கவில்லை. பெரியவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து அவர் விமானத்திலிருந்து இறங்கிக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துரையின் அறைக்குள் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று துரையைத் தொந்தரவு செய்ய அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கம்பெனியே ஒரு விசாரணை வைத்தது. கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் வந்து நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். அண்ணன் நெற்றியில் கட்டோடு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பையனைப் போல நின்றார்.

"தாளில் இடப்பக்கம் என்று இருந்தது. அப்படியே செய்தேன்" என்றார்.

நடுவில் இருந்தவர் கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திரும்பு. கீழே துரையின் கையெழுத்து. பக்கத்தில், அந்தக் கோப்பிலேயே முதல் முறையாக, ஒரு தேதி. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி.

அண்ணன் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரலை அந்த வரிமேல் வைத்து எடுத்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. அவர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். மேசையைத் தட்டுவார், இது நான் பார்த்த தாள் இல்லை என்பார்.

"அப்படியானால் நான்தான் தவறாகப் படித்திருக்கிறேன், சார்" என்றார். "பல வருடம் இடப்பக்கம் திரும்பிய பழக்கம்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பதிவேட்டை நீட்டினார்கள்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"'போட்டது' என்ற கட்டத்தில் இருப்பதும் உங்களுடையதா?"

"ஆமாம். ஆனால் நான் அந்தத் தாளைப் போடவில்லை. அலமாரியில் இருந்தது. விபத்து நடந்த பிறகு அங்கே என் கண்ணால் பார்த்தேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போடாமலே போட்டதாகக் கையெழுத்து வைத்தீர்களா?"

"இங்கே அதுதான் வழக்கம். இரண்டிலும் சேர்த்துத்தான் வைப்போம்."

பெரிய கிராணியைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அப்படி ஒரு வழக்கம் இந்த அலுவலகத்தில் இல்லை என்றார். குரல் நடுங்கவில்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு.

நான் விடவில்லை. கோப்பை இழுத்தேன். மற்ற உறைகளில் இருந்த தாள்கள் எல்லாம் ஈரத்தில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் போயிருந்தன, நகத்தால் கிளப்பினால்தான் வரும். இந்த ஒரு தாள் மட்டும் தட்டினால் நழுவி விழுந்தது. "தொட்டுப் பாருங்கள், மூன்று மாதமாகவா இது இங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். நடுவில் இருந்தவர் கோப்பை மூடி வைத்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"பெண்ணே, போட்டதாக அன்றைக்கு எழுதிக் கொடுத்தது நீ. போடவில்லை என்று இன்றைக்குச் சொல்வதும் நீ. இரண்டில் ஒன்று பொய். நாங்கள் எதை எடுத்துக்கொள்வது? எழுத்தில் இருப்பதைத்தானே?"

துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, மழைதான்.

என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. பொய்யாகப் பதிந்தாள் என்று என்னை நீக்கினால் பதிவேடு பொய் என்றாகும். பதிவேடு பொய் என்றால் அண்ணன் குற்றவாளி இல்லை. ஆகவே நான் நல்ல கிராணியாக இருந்தே ஆக வேண்டும். அறிக்கையில் ஒரு வரி: ஆவணங்கள் முறையாகப் பராமரிக்கப்பட்டிருந்தன. அடுத்த வரி: விமானி நடப்பில் இருந்த தாளைப் பின்பற்றவில்லை. அறிக்கை மேலே போயிற்று. அவருடைய லைசென்ஸும் போயிற்று. அதே மாதம் எனக்குச் சம்பளம் ஏற்றிக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தைப் பெரிய கிராணியின் மேசைமேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பென்சில்களை வேண்டுமென்றே கலைத்துவிட்டுத்தான் வந்தேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். காரை விற்றுவிட்டிருந்தார்கள். அவர் மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார், தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதுவே எனக்கு ஈட்டியாக இருந்தது. அண்ணன் முன்னறையில் பனியனோடு உட்கார்ந்து, வானொலியை அவிழ்த்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, பத்துத் தாள், இரண்டு கட்டம், நான்காவது தாளைப் பெரிய கிராணி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது, கோப்போடு துரையின் அறைக்குப் போனது. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க அண்ணே. இடப்பக்கம்னுதான் இருந்துச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஏன் அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்க? மேல எழுதிப் போடலாம் அண்ணே, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். கோர்ட்டுக்கு வேணும்னாலும் வாரேன்."

அவர் திருகாணி ஒன்றை எடுத்துத் தகர மூடியில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் அந்தக் கோபத்தில் பாதியை அவரிடம் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

"தெனம் ராத்திரி கண்ண மூடுனா அந்த ஷீட்டு வருது தங்கச்சி. ஒரு நாள் இடப்பக்கம்னு இருக்கு. ஒரு நாள் வலப்பக்கம்னு இருக்கு. எது பாத்தேன்னு எனக்கே தெரியல. தலையில வேற அடி. ரொம்ப சூசா ஆயிருச்சு, கஷ்டமா இருக்கு" என்றார்.

"நான் சொல்றேன்ல அண்ணே. எனக்கு நல்லாத் தெரியும். அந்த ஷீட்ட நான் போடவே இல்ல. என்னைய நம்புங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்குப் புரியாமல் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"அன்னைக்கும் நம்பிக்கிட்டுத்தான்லா போனேன்" என்றார்.